விந்தகப் புற்றுநோய்: எவ்வளவு சிகிச்சை போதும் என்று கேட்கும் ஆய்வுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் மருத்துவ ஆய்வுகளைப் பற்றி நம் நாளிதழ்களில் செய்தி வந்தால் அது பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் இருக்கிறது. எல்லா வழியும் அடைபட்டவருக்குக் கடைசி நம்பிக்கை என்று ஒன்று. ஏழைகளைச் சோதனை எலிகளாக்குகிறார்கள் என்று இன்னொன்று. இரண்டாவது சந்தேகத்துக்கு நம் நாட்டில் நியாயமான காரணங்கள் இருந்தன. மருந்து ஆய்வுகள் குறித்து 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கும், பிறகு வந்த 2019-ஆம் ஆண்டு மருத்துவ ஆய்வு விதிகளும் அந்தச் சந்தேகத்தால்தான் வந்தன. ஆனால் விந்தகப் புற்றுநோய் ஆய்வுகளுக்கு இந்த இரண்டு பார்வையும் பொருந்தாது. இந்த நோயில் நடக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி, ஏற்கெனவே குணமாக்கும் சிகிச்சையை எவ்வளவு குறைத்தாலும் குணம் குறையாமல் இருக்கும் என்று பார்ப்பவை. இது தெரியாததால், இருபது இருபத்தைந்து வயதுப் பையனும் அவன் பெற்றோரும் ‘ட்ரையல்’ என்ற சொல்லைக் கேட்டவுடனேயே எழுந்து போய்விடுகிறார்கள். சிலர் நேர்மாறாக, எதையும் கேட்காமல் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டுமே தவறு என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

இந்தியாவில் இது அரிய நோய். லட்சம் ஆண்களில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. நார்வே, டென்மார்க்கில் இதைப்போல் பத்து மடங்கு. அரிது என்றாலும், 15 முதல் 35 வயது வரையுள்ள ஆண்களுக்கு வரும் கட்டிப் புற்றுநோய்களில் முன்வரிசையில் இருப்பது இதுதான். வலி இல்லாமல் ஒரு பக்க விந்தகம் கல் போல் கெட்டிப்படும். விரைவீக்கம் என்றோ, அடிபட்டதன் விளைவு என்றோ, கிருமித்தொற்று என்றோ நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவது வழக்கமாக இருக்கிறது. அதற்குள் நோய் வயிற்றின் பின்புற நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் போய்விடும். அப்படிப் பரவிய பிறகும் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடியும் என்பதுதான் இந்த நோயின் தனித்தன்மை. வேறு பெரும்பாலான உறுப்புகளின் புற்றுநோயில் பரவிய பிறகு இந்த வார்த்தையை இவ்வளவு துணிந்து சொல்ல முடியாது.

அந்தத் துணிவைக் கொடுத்ததே ஆய்வுகள்தான். 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியா வளர்ந்துகொண்டிருந்த திரவத்தில் மின்சாரத்தைச் செலுத்தியபோது அவை பிரியாமல் நீண்டுகொண்டே போனதைக் கவனித்தார். மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம்தான் காரணம். அதிலிருந்து உண்டான சேர்மங்களில் ஒன்றுதான் சிஸ்பிளாட்டின். 1974-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் இதை வின்பிளாஸ்டின், ப்ளியோமைசின் என்ற இரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். பரவிய நோயால் பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்த நிலை அதோடு தலைகீழானது. 1978-இல் சிஸ்பிளாட்டினுக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. வின்பிளாஸ்டினால் வந்த நரம்பு, தசைத் தொல்லைகள் கடுமையாக இருந்ததால் அதற்குப் பதில் எட்டோபோசைடு போட்டுப் பார்த்த ஆய்வு 1987-இல் வெளியானது. குணமாகும் வாய்ப்பு குறையவில்லை, தொல்லை குறைந்தது. இன்று சென்னையிலும் வேலூரிலும் புதுச்சேரியிலும் மும்பையிலும் இந்நோய்க்குப் போடப்படும் ‘பெப்’ கீமோ அங்கிருந்து வந்ததுதான்.

பெப் என்றால் என்ன அளவு என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. அது தெரியாமல் ஆய்வு எதை மாற்றுகிறது என்பது விளங்காது. உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு சிஸ்பிளாட்டின் 20 மி.கி., எட்டோபோசைடு 100 மி.கி., இரண்டும் தொடர்ந்து ஐந்து நாள். ப்ளியோமைசின் 30 யூனிட், வாரம் ஒருமுறை. 21 நாள் கழித்து அடுத்த சுற்று. உடற்பரப்பு 1.7 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு சிஸ்பிளாட்டின் 34 மி.கி., எட்டோபோசைடு 170 மி.கி. வரும். மூன்று சுற்றில் சிஸ்பிளாட்டின் மொத்தம் 510 மி.கி., நான்கு சுற்றில் 680 மி.கி. அந்த ஒரு சுற்று வித்தியாசம் சின்னதல்ல. காதில் ரீங்காரம், உயர்சுருதி ஒலி கேளாமை, விரல் நுனி மரத்துப்போதல், சிறுநீரகத் திறன் குறைதல் எல்லாம் மொத்த அளவு கூடக் கூட அதிகமாகும். ப்ளியோமைசின் நுரையீரலைத் தழும்பாக்கக் கூடியது. பிளாட்டினத்தின் தடயத்தைச் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் இரத்தத்தில் கண்டிருக்கிறார்கள். 25 வயதில் குணமானவர் இன்னும் ஐம்பது ஆண்டு வாழப்போகிறவர். அவருக்குப் பின்னாளில் மாரடைப்பும் இரண்டாவது புற்றுநோயும் வரும் வாய்ப்பைச் சிகிச்சையே கூட்டிவிடக் கூடாது. குறைத்துப் பார்க்கும் ஆய்வுகள் இதற்காகத்தான்.

முதலில், தோற்ற ஒரு குறைப்பைச் சொல்கிறோம். சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின் போட்டால் வாந்தி குறையும், சிறுநீரகத்துக்குச் சுமை குறையும், லிட்டர் லிட்டராகச் சலைன் ஏற்ற வேண்டாம். நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து 598 பேரிடம் நடத்திய ஆய்வு 1997-இல் வெளியானது. ஓராண்டில் நோய் மீளாமல் இருந்தவர்கள் சிஸ்பிளாட்டின் குழுவில் 91 சதவீதம், கார்போபிளாட்டின் குழுவில் 77 சதவீதம். மூன்றாண்டில் உயிரோடு இருந்தவர்கள் 97-க்கு 90. குணமாகியிருக்க வேண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் போனார்கள். பரவிய நோய்க்கு ‘சிறுநீரகத்துக்கு நல்லது, ஒரே நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்’ என்று கார்போபிளாட்டினுக்கு மாற்றுவது இன்றும் ஆங்காங்கே நடக்கிறது. அதைக் கண்டால் எங்களுக்கு மனம் பதறுகிறது. பதிவுசெய்த ஆய்வில் இப்படி ஒரு மாற்றம் செய்தால், முடிவு மோசமாகப் போகிறதா என்று இடையிடையே பார்க்கத் தனிக்குழு இருக்கும். ஆய்வுக்கு வெளியே, ஒரு அறையில், ஒரு மருத்துவரின் நல்லெண்ணத்தில் செய்யப்படும் மாற்றத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை.

அதே கார்போபிளாட்டின் வேறோர் இடத்தில் வென்றது. செமினோமா என்ற வகை, விந்தகத்தோடு நின்றுவிட்ட முதல் நிலையில் இருந்தால், முன்பு வயிற்றுக் கணுக்களுக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அதற்குப் பதில் ஒரே ஒரு ஊசி கார்போபிளாட்டின் போதுமா என்று 14 நாடுகளில் 1,477 பேரிடம் பார்த்தார்கள். நோய் மீளாமை 96-க்கு 95 சதவீதம். ஏறத்தாழ சமம் என்று நிரூபிக்கவே இத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வித்தியாசம் சிறிதாக இருக்கும்போது ஐம்பது பேரை வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. அரிய நோயில் ஆள் சேர்ப்பது நாடுகள் கைகோத்தால்தான் நடக்கும்.

மருந்தே போடாத ஆய்வுகளும் உண்டு. இதை மக்கள் அறவே அறிவதில்லை. முதல் நிலை செமினோமாவுக்கு விந்தகத்தை அகற்றியபின், மேலும் சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பில் மட்டும் வைத்திருக்கலாம். ஆனால் கண்காணிப்பு என்றால் அடிக்கடி சி.டி. ஸ்கேன். ஒவ்வொன்றும் இளம் உடலில் கதிர்வீச்சைச் சேர்க்கிறது. பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 669 பேரிடம் நடந்த ட்ரிஸ்ட் ஆய்வு இரண்டு கேள்விகளை ஒருசேரக் கேட்டது: ஐந்தாண்டில் ஏழு ஸ்கேனா, 6, 18, 36-ஆம் மாதங்களில் மூன்று மட்டும் போதுமா? சி.டி. வேண்டுமா, கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ. போதுமா? நோய் முற்றிய நிலையில் திரும்பியவர்கள் எல்லாக் குழுக்களையும் சேர்த்தே மிகச் சிலர். மூன்று ஸ்கேனே போதும், எம்.ஆர்.ஐ.யும் போதும் என்று 2022-இல் தெரிந்தது. ஆய்வில் சேர்ந்தவர் இழந்தது எதுவும் இல்லை, சிலர் தவிர்த்தது நான்கு சி.டி. ஸ்கேன்கள். சோதனை எலி என்ற சொல்லை இங்கே எப்படிப் பொருத்துவது?

செமினோமா அல்லாத வகையில், முதல் நிலையிலேயே இரத்தக் குழாய்க்குள் நோய் புகுந்திருந்தால் பாதிப் பேருக்கு மீளும் அபாயம் உண்டு. அவர்களுக்கு முன்பு இரண்டு சுற்று பெப். ஒரே சுற்று போதுமா என்று பிரிட்டனில் நடந்த 111 ஆய்வில் 246 பேர் சேர்ந்தார்கள். இரண்டாண்டில் புற்று திரும்பியவர்கள் 1.3 சதவீதம். அமெரிக்காவில் செம்ஸ் என்ற ஆய்வு, வயிற்றுக் கணுக்களில் சிறிய அளவில் பரவிய செமினோமாவுக்கு கீமோவும் கதிர்வீச்சும் இல்லாமல் அறுவை சிகிச்சை மட்டும் செய்து பார்த்தது. 55 பேரில் இரண்டாண்டில் நோய் மீளாதவர்கள் 81 சதவீதம். நோய் திரும்பியவர்களில் பெரும்பாலோருக்குப் பிறகு கீமோ தேவைப்பட்டது. இது எல்லோருக்கும் ஏற்றதல்ல. இந்த அறுவையில் பழகிய கைகள் இருக்கும் மருத்துவமனைக்கு மட்டும் உரியது.

இனி, கூட்டிக் கொடுக்கும் ஆய்வுகள். நோய் பரவியவர்களை, குணமாகும் வாய்ப்பை வைத்து நல்ல, இடை, மோசமான என்று மூன்று வகையாகப் பிரிப்பார்கள். 2021-இல் புதுப்பிக்கப்பட்ட கணக்குப்படி, செமினோமா அல்லாத வகையில் ஐந்தாண்டு உயிர் வாழ்வது நல்ல வகையில் 96, இடை வகையில் 89, மோசமான வகையில் 67 சதவீதம். அந்த 67-ஐ உயர்த்துவதுதான் பாக்கி வேலை. பிரான்சின் தலைமையில் நடந்த ஜெட்டக்-13 ஆய்வு, முதல் சுற்றின் 18 முதல் 21-ஆம் நாளுக்குள் இரத்தத்தில் ட்யூமர் மார்க்கர், அதாவது நோயின் அளவைக் காட்டும் பொருள், எவ்வளவு வேகமாக இறங்கியது என்று பார்த்தது. வேகம் போதாதவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு பெப் தொடர்ந்தார்கள். மறுபாதிக்குக் கூடுதல் மருந்துகளோடு அடர்த்தியான கீமோ. மூன்றாண்டில் நோய் முன்னேறாதவர்கள் 48-லிருந்து 59 சதவீதமானார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து தொடங்கி பல நாடுகளுக்கு விரிந்த பி-3-பெப் ஆய்வு வேறு வழியில் போகிறது. மருந்தும் மொத்த அளவும் அதேதான், ஆனால் 21 நாளுக்குப் பதில் 14 நாளுக்கு ஒரு சுற்று. இரத்த வெள்ளணுக்களைத் தூக்கிவிடும் ஊசி ஒவ்வொரு சுற்றிலும் உண்டு. 11 வயது முதல் 45 வயது வரை சேரலாம் என்று வைத்திருக்கிறார்கள். பெரியவர் பிரிவுக்கும் குழந்தைகள் பிரிவுக்கும் நடுவில் விழுந்துவிடும் பதினாறு பதினேழு வயதுப் பையன்களுக்கு இது முக்கியமான விஷயம்.

முதல் கீமோவுக்குப் பின் நோய் திரும்பியவர்களுக்கு டைகர் என்ற ஆய்வு. வழக்கமான அளவில் பக்லிடாக்செல், ஐபோஸ்ஃபமைடு, சிஸ்பிளாட்டின் நான்கு சுற்றா, அல்லது தன் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று சுற்று உயர் அளவு கீமோவா என்று 420 பேரிடம் பார்ப்பது அதன் திட்டம். இண்டியானாவில் 184 பேருக்கு உயர் அளவு கீமோ கொடுத்ததில் 116 பேருக்கு நோய் மறைந்து, திரும்பாமல் இருந்தது என்று 2007-இல் வெளியிட்டார்கள். அது குலுக்கல் ஆய்வல்ல. அந்த முடிவை மட்டும் வைத்து எல்லோரையும் ஸ்டெம் செல் சிகிச்சைக்கு அனுப்ப முடியாது என்பதால்தான் டைகர் வந்தது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ‘இம்யூனோதெரபி போட்டால் சரியாகிவிடும்’ என்று விற்கிறார்கள். கீமோவுக்குக் கட்டுப்படாத 12 பேருக்கு பெம்ப்ரோலிசுமாப் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஒருவருக்குக்கூடக் கட்டி தேவையான அளவு சுருங்கவில்லை. நிலத்தை விற்று அந்த ஊசிக்குப் போவதற்கு முன் இந்த ஒரு வரியைக் குடும்பத்தார் அறிய வேண்டும்.

ஆய்வுக்குள் போகும் கதவு பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே மூடிக்கொள்கிறது. சேரப்போவதில்லை என்றாலும் கீழே சொல்பவை சரியான சிகிச்சைக்கே தேவை.

விந்தகத்தைத் தொடை இடுக்குக்கு மேலே கீறி, விந்து நாளத்தோடு சேர்த்து எடுக்க வேண்டும். விதைப்பையைக் கீறக் கூடாது. ஊசி குத்தித் திசு எடுக்கவும் கூடாது. விரைவீக்கம் என்று நினைத்து விதைப்பை வழியே திறந்தால் நிணநீர் ஓடும் பாதை மாறி, நோய் எங்கே மீளும் என்று கணிக்க முடியாமல் போகும். முதல் நிலை ஆய்வுகள் பலவற்றில் அப்படித் திறக்கப்பட்டவரைச் சேர்ப்பதில்லை. அறுவைக்கு முன்பே ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற மூன்று மார்க்கர் இரத்தச் சோதனைகளும் எடுத்திருக்க வேண்டும். பிறகும் எடுக்க வேண்டும். ஏ.எஃப்.பி. ஐந்திலிருந்து ஏழு நாளில் பாதியாகும், எச்.சி.ஜி. ஒன்றரையிலிருந்து மூன்று நாளில். அறுவைக்கு முந்தைய அளவு இல்லாமல் இறக்கத்தைக் கணக்கிட முடியாது.

அடிக்கடி நேரும் ஒரு பிழை இங்கே உண்டு. நல்ல, இடை, மோசமான வகை என்று பிரிப்பது கீமோ தொடங்கும் முன் எடுத்த மார்க்கரை வைத்து. அறுவைக்கு முன் ஏ.எஃப்.பி. 1,400 இருந்து, கீமோவுக்கு முன் 600-க்கு இறங்கியிருந்தால், மற்ற மார்க்கர்களும் ஸ்கேனும் இடம் கொடுத்தால், அவர் நல்ல வகை. மூன்று சுற்று போதும். பழைய தாளைப் பார்த்து இடை வகை என்று எழுதிவிட்டால் தேவையில்லாத நான்காவது சுற்று போடப்படும், பொருந்தாத ஆய்வுக்கும் அனுப்பப்படுவார். ஒரு விஷயம் கூடுதலாக: ஏ.எஃப்.பி. கூடியிருந்தால், நுண்ணோக்கியில் செமினோமா என்றே தெரிந்தாலும் அதைச் செமினோமாவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேறு ஊர் மருத்துவமனைக்குப் போகும்போது பயாப்சி அறிக்கை மட்டும் போதாது. எடுத்த திசுவை வைத்திருக்கும் கண்ணாடிச் சில்லுகளும் மெழுகுக் கட்டியும் வேண்டும். பல ஆய்வுகளில் வேறொரு நோய்க்குறியியல் வல்லுநர் திரும்பப் பார்த்த பிறகே சேர்ப்பார்கள். அறுவை நடந்த இடத்தில் கேட்டு வாங்கிவர ஒரு வாரம் ஆகிறது. முதல் நாளே கேட்டுவிட்டால் அந்த வாரம் மிஞ்சும். சி.டி. படத் தகடும் உடன் இருக்க வேண்டும்.

‘மேல்சிகிச்சைக்குப் போகும்வரை ஒரு சுற்று போட்டு அனுப்புகிறோம்’ என்பதும் கதவை மூடும். முதற்கட்ட சிகிச்சை ஆய்வுகளில் முன்பே கீமோ போட்டவரைப் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் இதற்கு விலக்கு உண்டு. எச்.சி.ஜி. மிக அதிகமாகி, நுரையீரல் முழுக்கப் பரவி, மூச்சுத் திணறலோடு வருபவர் எந்த ஆய்வுக்காகவும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அங்கே உயிர் முந்தியது.

விந்து சேமிப்பு. கீமோவுக்கு முன், முடிந்தால் அறுவைக்கே முன். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, முடிந்தால் இரண்டு மூன்று முறை. பல பையன்களுக்கு இதைக் கேட்கவே கூச்சம். அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு மருத்துவர்தான் பேச்சை எடுக்க வேண்டும். ஆய்வில் சேர்ந்தால் சிகிச்சைக் காலத்திலும் அதற்குப் பிறகு குறிப்பிட்ட காலம் வரையும் கருத்தடை கட்டாயம் என்று படிவத்தில் இருக்கும். புதிதாய்த் திருமணமானவருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இந்தியாவில் எந்த ஆய்வு திறந்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் ஆய்வுப் பதிவேடு 2007-இலிருந்து இணையத்தில் இருக்கிறது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி ஆண்டு, மாதம், வரிசை எண் என்று வரும் பதிவெண்ணை மருத்துவரிடம் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டியவை ஆய்வு நடக்கும் மருத்துவமனைகள், யார் சேரலாம் யார் கூடாது என்ற பட்டியல், எத்தனை பேர் தேவை, எந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்தது, இப்போது ஆள் சேர்க்கிறார்களா என்பவை. புதிய மருந்தென்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதியின் நிலையும் அங்கே இருக்கும். பதிவெண் இல்லாத ‘ஆய்வு’ ஆய்வே இல்லை. சோதிக்கப்படும் புதிய மருந்துக்கே நோயாளியிடம் பணம் கேட்டால் அது ஆய்வல்ல, வியாபாரம். ஸ்டெம் செல், மூலிகை என்று இந்த வகையில் வந்து நிற்கும் விளம்பரங்களை நாளிதழ்களும் வெளியிடாமல் இருந்தால் நல்லது.

2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் நோயாளிக்குச் சில உரிமைகளைத் தருகின்றன. தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், நகல் அவர் கைக்கு வர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் உடன் இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தோடு பையனின் இசைவும் வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம். ஆய்வுதான் காரணம் என்று தெரிந்தால் இழப்பீடு உண்டு. மரணத்துக்கான இழப்பீடு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் அபாயத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. கடும் பாதிப்பை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். எந்த நேரத்திலும் ஆய்விலிருந்து விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது.

எனவே கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘குலுக்கலில் எனக்கு வழக்கமான சிகிச்சை விழுந்தால் அது முழு அளவு பெப் தானா?’ என்பதே. இந்த நோயில் வெறும் சலைனோடு ஒப்பிடும் ஆய்வுக்கு முதற்கட்டத்தில் இடமே இல்லை. அடுத்து, ஆய்வுக்காகத் தொடக்கம் எத்தனை நாள் தள்ளும்? ஓரிரு நாள் பரவாயில்லை, மூன்று வாரம் என்றால் ஏற்காதீர்கள். கூடுதல் சி.டி., மார்க்கர், வெள்ளணு ஊசி இவற்றின் செலவு யாருடையது? கல்வி நிறுவனங்கள் நடத்தும் ஆய்வில் பழைய மருந்துகளின் செலவை நோயாளியோ முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ ஏற்க வேண்டி வரலாம், அதை எழுத்தில் வாங்குங்கள். பேருந்துக் கட்டணம் திருப்பித் தரப்படுமா? இரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது, அந்த நேரத்தில் எடுப்பவர் யார்? கடைசிக் கேள்விதான் உயிரைக் காப்பது. கீமோ போட்ட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது வரும் 100.4 டிகிரி காய்ச்சலுக்கு வீட்டில் பாராசிட்டமால் சாப்பிட்டுக் காத்திருக்கக் கூடாது.

சேர்ந்த பிறகு கெடுப்பது தாமதம். 22-ஆம் நாள் வர வேண்டியவர் பொங்கல் முடிந்து வருகிறார், தங்கை கல்யாணம் முடிந்து வருகிறார். வெள்ளணு சற்றுக் குறைவு என்று மருத்துவமனையும் ஒரு வாரம் தள்ளுகிறது. காய்ச்சல் இல்லாதபோது வெள்ளணு எண்ணிக்கைக்காக மட்டும் சுற்றைத் தள்ளுவதை இந்த நோயில் கூடியவரை தவிர்ப்பார்கள், தேவையென்றால் ஊசி சேர்த்துக் குறித்த நாளிலேயே போடுவார்கள். தள்ளினால் கட்டி மறுபடி தழைக்க நேரம் கிடைக்கிறது. 14 நாளா 21 நாளா என்று கேட்கும் ஆய்வில் 28 நாளுக்கு ஒருமுறை வருபவரால் கேள்விக்கே பதில் கிடைக்காது. எட்டாம் நாளும் பதினைந்தாம் நாளும் போட வேண்டிய ப்ளியோமைசின் தவறுவது இன்னொரு வழக்கம். அது வெள்ளணுவைப் பெரிதாகக் குறைப்பதில்லை, எண்ணிக்கை குறைவு என்று அதை நிறுத்தத் தேவையில்லை. நிறுத்த வேண்டியது வறட்டு இருமலும் மூச்சு வாங்குதலும் வந்தால், நுரையீரல் பரிசோதனையில் திறன் குறைந்தால். புகைப்பவர் அன்றே விட வேண்டும். பின்னாளில் எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் ப்ளியோமைசின் போட்டதை மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அதிக ஆக்ஸிஜன் அந்த நுரையீரலுக்கு ஆகாது.

கீமோ முடிந்து மார்க்கர் சரியாகி, வயிற்றில் கட்டி மட்டும் மிஞ்சியிருந்தால், செமினோமா அல்லாத வகையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளதை அறுத்து எடுக்க வேண்டும். டெரடோமா என்ற திசு அதில் இருக்கலாம், அதற்கு எந்தக் கீமோவும் வேலை செய்யாது. மார்க்கர் இறங்கிக்கொண்டே கட்டி மட்டும் வளர்ந்தாலும் இதே சந்தேகம்தான். அப்படிப்பட்டவரை ‘கீமோ கேட்கவில்லை’ என்று புது மருந்து ஆய்வுக்கு அனுப்புவது பெருந்தவறு. அவருக்கு வேண்டியது அறுவை. இப்போது பல நாடுகளில் ஆய்வில் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-371 என்ற இரத்தச் சோதனை, பழைய மார்க்கர்களைவிடக் கூர்மையானது. 616 நோயாளிகளிடம் பார்த்த ஜெர்மானிய ஆய்வில் நூற்றுக்கு 90 பேரிடம் நோயைக் காட்டியது. ஆனால் டெரடோமாவை அதுவும் காட்டாது. அந்தச் சோதனை சுத்தம் என்று சொன்னாலும் மிஞ்சிய கட்டியை விட்டுவைக்கக் கூடாது.

தங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். மருத்துவப் பக்கத்தில் ஆய்வு பற்றி எழுதும்போது அது எந்த வகை நோயாளிக்கு, எதோடு எதை ஒப்பிடுகிறது, எத்தனை பேரிடம் நடந்தது என்ற மூன்றையும் தலைப்புக்கு அடுத்த பத்தியிலேயே கொடுங்கள். ‘புற்றுநோய்க்குப் புதிய மருந்து’ என்ற தலைப்பில் இந்த மூன்றும் இல்லாமல் வரும் செய்தியால் மறுநாள் காலை புறநோயாளிப் பிரிவில் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பல குடும்பங்கள் வந்து நிற்கின்றன.

அரசுக்கும் ஒன்று. ஆய்வுப் பதிவேட்டின் பக்கங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ஆள் சேர்க்கும் புற்றுநோய் ஆய்வுகளுக்காவது, யார் சேரலாம், எங்கே, யாரைக் கேட்பது என்று பத்து வரியில் தமிழ்ச் சுருக்கம் சேர்க்க நெறிமுறைக் குழுக்களே நிபந்தனை விதிக்கலாம். ஒப்புதல் படிவத்துக்கு எப்படியும் தமிழாக்கம் செய்கிறார்கள், அதிலிருந்தே எடுத்துவிடலாம். ஆய்வு முடிந்தபின் தொடர் கண்காணிப்புக்கும் வழி வேண்டும். இந்த நோயாளிகள் இளைஞர்கள். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகிறார்கள், கைபேசி எண் மாறுகிறது, மூன்றாம் ஆண்டு ஸ்கேன் தவறுகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மார்க்கர் இரத்தம் கொடுத்து, முடிவை ஆய்வு நடக்கும் இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தால் ஒரு நாள் சம்பளத்தையும் இரவுப் பயணத்தையும் இழக்காமல் அவர்கள் கண்காணிப்பில் நீடிப்பார்கள். சேரும் நாளில் நோயாளியின் எண்ணோடு வீட்டில் உள்ள இன்னும் இருவரின் எண்ணையும் எழுதி வைப்பதை ஆய்வு ஒருங்கிணைப்பாளர்கள் நாளை காலையிலிருந்தே தொடங்கலாம்.

இங்ஙனம்,
புற்றுநோய் மருத்துவ ஆய்வுப் பணியில் உள்ள வாசகர்கள்,
சென்னை